பாப்பாவின் முட்டியைத் திருடியது யார்?

“திருடு போனது என்ன?” என்று அண்ணி கேட்டார்.

“ரெண்டு முட்டி,” என்றார் வந்தவர்.

கையிலிருந்த டீயில் பாதியை நான் மேசைக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்குக் காணாமல் போன நாயைத் தேடி வந்திருக்கிறார்கள். ஓடிப்போன மாப்பிள்ளையைத் தேடி வந்திருக்கிறார்கள். தன் ஸ்கூட்டரைத் தானே எங்கே நிறுத்தினேன் என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கூட ஒருவர் வந்தார். முட்டியைத் தேடி யாரும் வந்ததில்லை.

குனிந்து பார்த்தேன். வந்தவருக்கு இரண்டு முட்டியும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன.

“உங்க முட்டி இங்கதானே சார் இருக்கு?” என்றேன்.

“என்னுது இல்ல. என் பொண்ணோடது. அஞ்சு மாசக் குழந்தை.”

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், ‘வாயை மூடு’ என்று எழுதியிருந்தது. அவர் என் அண்ணனின் மனைவி, என் முதலாளி. இரண்டு பதவியிலும் எனக்கு மேலே இருப்பதால் தப்பிக்க வழியில்லை. தையல் கடைக்கு மேல் இந்த மாடி அறையை எடுப்பதற்கு முன்னால் விபத்து இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். உடைந்த ஒரே கையின் எக்ஸ்ரேயை எட்டுப் பேர் கொண்டுவந்து காட்டியபோது, அந்தக் கை யாருடையது என்று கண்டுபிடித்தவர். இவ்வளவு பெரிய மூளையைக் கட்டிக்கொண்ட என் அண்ணன், வீட்டில் இன்னும் தன் மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே தேடுகிறான்.

வந்தவர் குழாய்ச் சாமான்கள் மொத்தமாக விற்கும் இடத்தில் குடோன் கீப்பர். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. இடுப்பில் தடித்த கயிறு, அதில் ஒரு பித்தளைச் சாவி. சாமானியச் சாவி இல்லை. என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு இருந்தது, முட்டி வரைக்கும் தொங்கியது. அவர் மாடி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் கம்பியில் ‘டங்’ என்று இடித்ததால், ஆளைப் பார்க்கும் முன்பே எங்களுக்கு ஆள் வருவது தெரிந்துவிட்டது.

“அதைக் கழட்டி வெச்சிட்டு வசதியா உக்காருங்களேன்,” என்றேன்.

“கழட்டுறதில்ல. வேலைக்குச் சேந்த அன்னிக்குக் கட்டினது. தூங்கும்போதும் இடுப்புலதான்.”

“கல்யாணத்தன்னிக்கு?”

“போட்டோவைப் பாருங்க. பொண்ணுக்கும் எனக்கும் நடுவுல தெரியும்.”

அண்ணி மேசையைத் தட்டினார். “விஷயத்துக்கு வாங்க.”

வந்தார். போன வாரம் குழந்தை கட்டிலிலிருந்து புரண்டு விழுந்துவிட்டது. “நான்தான் பக்கத்துல இருந்தேன். ஒரு போன் வந்துச்சு, திரும்பினேன்...” என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை வேகமாகத் தாண்டினார். வீக்கம் இல்லை, காயம் இல்லை. ஆனாலும் கிளினிக்கில் இரண்டு காலுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, போங்கள் என்றார். வீட்டுக்கு வந்த குடோன்காரர், வழக்கப்படி சரக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தார்.

“படத்தை ஜன்னல்ல பிடிச்சுப் பாத்தேன். தொடை எலும்பு இருக்கு. கீழ்க்கால் எலும்பு இருக்கு. நடுவுல முட்டிச் சில்லு இருக்க வேண்டிய இடத்துல வெறும் காத்து! ரெண்டு கால்லயும்! கிளினிக்குக்கு ஓடிப்போய், சரக்கு குறையுதுன்னு சத்தம் போட்டேன். சிரிச்சு அனுப்பிட்டாங்க. அப்புறம் என்ன தோணுச்சோ, முந்தாநாள் ரெண்டாவதா ஒரு படம் வந்துச்சு. கிளினிக்ல குடுத்தாங்கன்னு என் வீட்டம்மா கொண்டுவந்து நீட்டினா. அதுல ரெண்டு முட்டியும் இருக்கு!”

“அப்போ கேஸ் முடிஞ்சுது,” என்றேன்.

“எங்க முடிஞ்சுது? முதல் படத்துல முட்டி இல்ல, ரெண்டாவதுல இருக்கு. அப்படின்னா ரெண்டும் ஒரே குழந்தை இல்ல. பிள்ளையை மாத்திட்டாங்க!”

“முகம்?”

“முகம் அதேதான். அங்கதான் அவங்க சாமர்த்தியம்.”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

“இதைப் பாருங்க,” என்று குடோன்காரர் இரண்டாவது படத்தை எடுத்து நீட்டினார். “எங்க பரம்பரையில இப்படி ஒரு கோணல் முட்டி கிடையாது. எவனோ ஊர் பேர் தெரியாதவன் முட்டி. ஒரு ஓரமாத் தேஞ்சு வேற கிடக்கு. என்ன வம்சமோ, என்ன வளர்ப்போ!”

“சரி, இப்போ குழந்தை எங்க?” என்றார் அண்ணி.

குடோன்காரரின் குரல் இறங்கியது. “வீட்டுலதான். சரக்கு சரியில்லன்னா நான் கைநீட்டி வாங்குறதில்லம்மா. வாங்கிட்டா அப்புறம் அது நம்ம பொறுப்பு. அதனால இது தீர்ற வரைக்கும் குழந்தையைத் தூக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். என் வீட்டம்மா பெட்டி கட்டிட்டா. சாயங்காலம் அவ அண்ணன் வண்டியோட வர்றாராம். போனா திரும்ப மாட்டாளாம். குழந்தை வேற என்னைப் பாத்ததும் கையையும் காலையும் உதைச்சிக்கிட்டுக் குதிக்குது. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்.”

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் உண்மையிலேயே கையைக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணி இரண்டு படங்களையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். முதல் படத்துக்கு ஒரு நிமிஷம். இரண்டாவது படத்துக்கு நான் மீதி டீயைக் குடித்து முடிக்கும் நேரம். பிறகு படத்தின் ஓரத்தில் ஒரு கட்டெறும்பு நீளத்துக்கு இருந்த வெள்ளைத் தடத்தைக் காட்டினார்.

“இது என்ன?”

“எறும்பு,” என்றார் குடோன்காரர். “பிலிம்ல ஒட்டிச் செத்து வெளுத்துப்போயிருக்கும்.”

நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. “எறும்பு படத்துக்கு மேல இல்ல அண்ணி. படத்துக்குள்ள இருக்கு.”

“அதேதான்,” என்று அண்ணி கைப்பையை எடுத்தார். “நீங்க ஒரு விஷயத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க சார். முதல் படத்துல முட்டி இல்லாதது தப்பே இல்ல. ரெண்டாவது படத்துல முட்டி இருக்கே, அதுதான் தப்பு. கிளம்பு தம்பி.”

குடோன்காரர் கிளினிக் வாசலோடு நின்றுகொண்டார். அவரை உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவாம். எக்ஸ்ரே எடுக்கும் பெண் எங்களை இருட்டறைக்கு அழைத்துப்போய், விளக்குப் பெட்டியில் முதல் படத்தைச் செருகினாள்.

“இது நான் எடுத்தது. அந்தப் பாப்பாதான்.”

இரண்டாவதைச் செருகினாள். புருவத்தைச் சுருக்கினாள். “இது நாங்க குடுத்ததே இல்ல. எங்க பிலிம்ல மேல நம்பர் விழும், இதுல இல்ல. அந்தப் பாப்பாவுக்கு ஒரே ஒரு தடவைதான் எடுத்தோம்.”

“அப்போ முதல் படத்துல முட்டி எங்கேம்மா போச்சு?” என்று கேட்டேன். “சர்வதேச முட்டிக் கடத்தல் கும்பலா? வெளிநாட்டுல நல்ல கிராக்கின்னு கேள்வி.”

அண்ணி என் காதைப் பிடித்தார். திருகுவதற்காக என்று நினைத்தேன். மடக்கிப் பார்த்துவிட்டு விட்டார்.

“வளையுதா? உன் காதுல எலும்பு கிடையாது, வெறும் குருத்து. பிறக்கும்போது முட்டிச் சில்லும் இப்படித்தான் குருத்தா இருக்கும். எக்ஸ்ரேல எலும்புதான் வெள்ளையா விழும், குருத்து தெரியாது.”

“மூணு வயசு வாக்குலதான் அதுக்கு நடுவுல ஒரு புள்ளி இறுக ஆரம்பிக்கும்,” என்றாள் அந்தப் பெண். “சில குழந்தைங்களுக்கு அஞ்சு, ஆறுகூட ஆகும். அந்தப் புள்ளி பெருசாகிப் பெருசாகித்தான் சில்லு முழுக்க எலும்பா மாறும். வயித்துக்குள்ள இருக்கும்போது கை, கால் எலும்பு எல்லாமே முதல்ல குருத்தாத்தான் உருவாகும். ஒவ்வொண்ணும் அதோட நேரத்துக்கு இறுகும். எல்லாமே முதல் நாளே ரெடியா வந்துட்டா, அப்புறம் பிள்ளை எப்படி வளரும்? இதை அந்தாளுகிட்ட நானும் சொன்னேன், டாக்டரும் சொன்னார். குறையை ஒத்துக்கோங்கன்னு ஒரே சத்தம்.”

அண்ணி முதல் படத்தில் விரல் வைத்தார். தொடை எலும்பின் முனையில், அதைத் தொடாமல், ஒரு வெள்ளை உருண்டை தனியாக மிதந்தது. நடுவே கறுப்பு.

“இது உடைஞ்சிருக்கா?” என்றேன்.

“இல்ல தம்பி, இது வளர்ற இடம். இந்தக் கறுப்புல குருத்து புதுசு புதுசா உண்டாகும், பின்னாடியே எலும்பா மாறிக்கிட்டே வரும். கால் நீளமாகுறதே இங்கதான். வாலிபம் முடியிறதுக்குள்ள முனையும் தண்டும் ஒட்டி மூடிடும்.”

“மூடிட்டா?”

“அதோட உயரம் அவ்வளவுதான்.”

எனக்கு அது சொல்லாமல் கொள்ளாமல் சீக்கிரமே மூடிவிட்டது என்பது என் பேன்ட்டை வெட்டித் தைக்கும் கீழ்க்கடைத் தையல்காரருக்கு நன்றாகத் தெரியும்.

“இப்போ ரெண்டாவது படத்துல பாரு,” என்றார் அண்ணி.

பார்த்தேன். உருண்டை மிதக்கவில்லை. கறுப்பு இல்லை. எலும்பு முனை வரைக்கும் ஒரே வெள்ளை.

“மூடியிருக்கு அண்ணி! அப்போ இது... பெரிய ஆளு! அஞ்சு மாசக் குழந்தை வேஷத்துல எவனோ ஒரு தடியன் அந்த வீட்டுத் தொட்டில்ல படுத்துப் பால் குடிச்சிக்கிட்டு இருக்கானா?”

எக்ஸ்ரே பெண் அண்ணியிடம், “இவரை எங்க பிடிச்சீங்க?” என்றாள்.

“வீட்டுக்காரரோட சேத்துக் குடுத்தாங்க,” என்றார் அண்ணி. “தம்பி, ஆள் பெருசு. படத்தைத்தான் குழந்தை அளவுக்குச் சின்னதாக்கியிருக்காங்க. அந்த எறும்பும் கூடவே சின்னதாயிருக்கு. நிஜத்துல அது எறும்பு சைஸ் கிடையாது.”

பின்னே எவ்வளவு பெரியது என்று நான் கணக்குப் போடுவதற்குள் வாசலிலிருந்து ‘டங்’ என்று சத்தம் கேட்டது. குடோன்காரர் பொறுமையிழந்து நடக்க ஆரம்பித்திருந்தார்.

“தயவுசெஞ்சு அந்த மனுஷனை இந்த ரூம் பக்கம் விட்டுடாதீங்க,” என்றாள் அந்தப் பெண். “உலோகம் ஆகாதுன்னு கெஞ்சினாலும் கேக்க மாட்டார். அவர் வந்தாலே எப்பவும் தகராறுதான்.”

“எப்பவுமேவா?” என்றார் அண்ணி.

“ஆமா, குழந்தை பிறக்குறதுக்கு முன்னாடியே பழக்கமாச்சே.”

அண்ணி சிரித்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நான் என் முட்டிச் சில்லை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

வெளியே வந்ததும் அண்ணி குடோன்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உங்க வீட்டம்மா என்ன வேலை பாக்குறாங்க?”

“போட்டோ ஸ்டூடியோவுலம்மா. படத்துல கண்ணு மூடியிருந்தா திறந்து வெப்பா. வழுக்கைத் தலைக்கு முடி போடுவா. பெரிய படத்தைச் சின்னதாக்குவா, சின்னதைப் பெருசாக்குவா.”

“முட்டி இல்லாதவங்களுக்கு?” என்று கேட்டேன்.

அவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

“சேச்சே, அவ அப்படியெல்லாம் செய்ய மாட்டா,” என்றார். நாலு அடி நடந்தார். “செஞ்சா ரொம்ப நல்லாச் செய்வா.”

வீட்டு வாசலிலேயே பெட்டி நின்றது. பக்கத்தில் ஒரு பை, அதில் பால் புட்டியும் மடித்த துணிகளும். உள்ளே பாயில் பாப்பா மல்லாந்து கிடந்து, தன் கால் கட்டைவிரலை வாய்க்குள் கொண்டுபோகப் பெரும் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் போராட்டத்தை விட்டுவிட்டு நாலு பக்கமும் உதைத்துக் குதித்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

குடோன்காரரின் மனைவியிடம் அண்ணி இரண்டாவது படத்தை நீட்டினார். மறுப்பார், அழுவார், நாங்கள் மடக்க வேண்டியிருக்கும் என்று நான் ஆயத்தமாக நின்றேன்.

“ஆமா, நான்தான் செஞ்சேன்,” என்றார் அவர். “டாக்டர் சொன்னார், அந்த எக்ஸ்ரே பொண்ணு சொன்னா, நானும் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேன். ஒருத்தர் பேச்சும் இவர் காதுல ஏறல. முட்டியைக் காட்டு, முட்டியைக் காட்டுன்னு உயிரை எடுத்தார். அச்சடிச்சுக் காட்டினேன். போதுமா?”

குடோன்காரர் படத்தைப் பிடுங்கிக்கொண்டார். “எவன் முட்டிடி அது? எவனோ கோணல் முட்டிக்காரனைக் கொண்டுவந்து என் பொண்ணு கால்ல ஒட்டியிருக்கியே! யாருன்னு சொல்லு. எனக்கு இப்பவே தெரியணும்!”

அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். கோபமா சிரிப்பா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நான் சொல்றேன்,” என்று அண்ணி பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தார். “அந்த எறும்பைக் கொஞ்சம் நல்லாப் பாருங்க.”

அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “வட்டமா ஒரு தலை... நீளமா உடம்பு... கீழ மூணு பல்லு...”

அவருடைய இடது கை தானாகவே இடுப்புக்குப் போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, முட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய பித்தளைச் சாவியைப் பிடித்தது. வட்டமான தலை. நீளமான உடம்பு. மூன்று பல்.

“போன வருஷம் முட்டி வலிக்குதுன்னு போனீங்களே,” என்றார் அந்த அம்மா. “சாவியைக் கழட்டிட்டுப் படுங்கன்னு அந்தப் பொண்ணு கெஞ்சினா. கழட்டினீங்களா? ரெண்டு முட்டியையும் சேத்து எடுத்த அந்தப் படம் வீட்டுல இருந்துச்சு. அதைத்தான் எடுத்துச் சின்னதாக்கினேன். சாவி கொஞ்சம் ஓரத்துல மாட்டிக்கிச்சு. சரி, இவர் எங்க கவனிக்கப் போறார்னு விட்டுட்டேன்.”

“ஊர் பேர் தெரியாதவன் முட்டி,” என்றேன் நான் மெதுவாக. “என்ன வம்சமோ, என்ன வளர்ப்போ.”

“சும்மா இரு தம்பி,” என்ற அண்ணியின் குரலும் சிரிப்பில் ஆடியது.

குடோன்காரர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் தன் முட்டியைத் தானே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “அப்போ பாப்பாவோட முட்டி?” என்றார்.

அந்த அம்மாவுக்கு அடக்கிவைத்தது எல்லாம் உடைந்துவிட்டது. “முட்டியைத் தேடி ஊரெல்லாம் சுத்துறீங்களே, அவ விழுந்த நாள்லேருந்து ஒரு தடவையாவது அவ காலைத் தொட்டுப் பாத்தீங்களா? எக்ஸ்ரேயைத் தடவித் தடவிப் பாக்குறீங்க. பிள்ளை இங்க கிடக்கு!”

“பயமா இருக்குடி,” என்றார் அவர்.

பாப்பா மறுபடியும் கட்டைவிரலை வாய்க்கு இழுத்தது.

“என் கையில குடுத்த பொருள் இதுவரைக்கும் கீழ விழுந்ததில்ல. ஒரு வாஷர் விழுந்ததில்ல. முதல் முதலா விழுந்தது என் பொண்ணு. வரும்போதே ஏதாவது குறைஞ்சு வந்திருந்தா... அது என்னால இல்லன்னு ஆயிடும்ல? அதான் தேடினேன். மறுபடியும் தூக்கி, மறுபடியும் விட்டுட்டேன்னா?” கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கக்கூட இல்லை.

வெளியே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. அந்த அம்மா வாசலைப் பார்த்தார். புருஷன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

அண்ணி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். “இங்க வாங்க சார். பாப்பாவோட உச்சந்தலை மெத்துன்னு இருக்கே, அது மூடிடும்னு தெரியுமா?”

“அது எல்லாருக்கும் தெரியுமேம்மா.”

“அதை நம்புறீங்கல்ல? இதையும் நம்புங்க. காலைத் தளர்த்தியா நீட்டிப் பிடிச்சு, கட்டைவிரலை வெச்சு லேசாத் தள்ளுங்க.”

அவர் மண்டியிட்டார். அவர் முட்டி ‘டக்’ என்றது, சாவி தரையில் ‘டங்’ என்றது. பாப்பாவின் காலைப் பிடித்து, கட்டைவிரலை வைத்தார். கொழுகொழு சதைக்குள் தேடினார். சட்டென்று நிமிர்ந்தார்.

“இருக்கு! நழுவுது! சின்னதா, மெத்துன்னு... இருக்குடி!”

“எனக்குத் தெரியும்,” என்றார் அந்த அம்மா.

“அடுத்த காலைப் பாக்குறேன்.” பார்த்தார். “இதுலயும் இருக்கு! ரெண்டும் இருக்கு!”

“சரக்கு எல்லாம் வந்தாச்சு,” என்றேன். “இறுகுறதுக்குத்தான் வருஷமாகும்.”

ஹாரன் மறுபடியும் அடித்தது. அவர் பாப்பாவின் அக்குளில் கை கொடுத்து, குனிந்து தூக்கப் போனார். சாவி ஊசலாடி நேரே குழந்தையின் முகத்துக்கு வந்தது. அப்படியே நிறுத்தினார். மறுபடியும் குனிந்தார், மறுபடியும் சாவி வந்தது. கயிற்றின் முடிச்சைப் பிடித்து இழுத்தார். இத்தனை வருஷத்து முடிச்சு, கல்லாகிக் கிடந்தது. பல்லால் கடித்துப் பார்த்தார்.

அந்த அம்மா உள்ளே போய்த் தன் ஸ்டூடியோக் கத்தரிக்கோலை எடுத்துவந்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மாவே வெட்டினார். சாவி மேசைக்குப் போயிற்று, குழந்தை தோளுக்குப் போயிற்று. தோளுக்குப் போனதும் அது அவர் சட்டைப் பையிலிருந்த மூன்று பேனாவையும் பிடுங்கித் தரையில் போட்டது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

வண்டியோடு வந்த அண்ணன்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். “என்ன, பெட்டியை எடுத்து வண்டியில வெக்கவா?”

“உள்ள வா அண்ணா,” என்றார் அந்த அம்மா, கத்தரிக்கோலை மடக்கியபடி. “டீ குடிச்சிட்டுப் போ.”

மறுநாள் காலை நாங்கள் அலுவலகத்தைத் திறந்து உட்காரும்போதே மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நல்ல உடை உடுத்திய ஒரு பெரியவர் வியர்த்துக் கொட்ட உள்ளே நுழைந்தார். குழாய்ச் சாமான் கடை முதலாளி. குடோன் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றனவாம், பூட்டைத் திறக்க ஆளில்லையாம்.

“என்ன காணோம்?” என்றார் அண்ணி.

“என் குடோன் சாவியையும் காணோம், குடோன் கீப்பரையும் காணோம்மா! ரெண்டும் ஒருநாளும் பிரிஞ்சதில்ல. நேத்து உங்ககிட்ட வந்ததாச் சொன்னாங்க.”

“கவலைப்படாதீங்க, ரெண்டும் பத்திரமா இருக்கு,” என்றார் அண்ணி. “சாவி அவர் வீட்டு மேசை மேல இருக்கு. அவர் மேசைக்குக் கீழ, முட்டி தேய, பொண்ணுக்குத் தவழக் கத்துக்குடுத்துக்கிட்டு இருப்பார்.”